ஈரத்தில் அளப்பதை நிறுத்தாதீர்கள்: பணிப்பாளர் சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பணிப்பாளர் சபையினருக்கு,

சென்ற திங்கட்கிழமை காலை, வரவுப் பதிவேட்டுக்கு மேலே உள்ள பலகையில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து தொழிற்சாலைக்குள் நடக்கும் துகள் அளவீடுகள், அதாவது நாம் செய்யும் தூளின் பருமனையும் பரப்பையும் அளக்கும் சோதனைகள், நிறுத்தப்படும். மாதத்துக்கு ஒரு மாதிரி கொழும்பிலுள்ள ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பப்படும். அங்கிருந்து வரும் சான்றிதழ் அந்த மாதத்து உற்பத்தி முழுவதற்கும் போதுமானதாகக் கொள்ளப்படும். அளவீட்டு அறையில் வேலை செய்யும் மூவரில் இருவர் பொதியிடும் பகுதிக்கு மாற்றப்படுவர். நான்கே வசனங்கள், கீழே ஒரு கையொப்பம்.

அந்த மூவரில் நானும் ஒருத்தி. என் இடமாற்றத்துக்காக இதை எழுதவில்லை. பொதியிடும் பகுதியில் எனக்குத் தங்கை முறையான இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். அவர்களோடு நின்று பை தைப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அளவீட்டை நிறுத்துவது பற்றிப் பேச்சு எழுந்தபோதே முகாமையாளர் மூலம் உங்களுக்கு இரண்டு கடிதங்கள் கொடுத்தேன். பதில் வரவில்லை. அதனால்தான் எல்லோரும் பார்க்க எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதாமல் விட்டிருக்கிறேன். இந்தத் தொழிற்சாலை நிலைத்து நிற்க வேண்டும் என்று நினைப்பவர்களில் நானும் ஒருத்தி.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக, நாங்கள் என்ன செய்கிறோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் வெள்ளாமை எவ்வளவோ அவ்வளவு உமி. நூறு கிலோ நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ இருபது கிலோ உமி வரும். அதை எரித்தால் நான்கு கிலோ அளவில் சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு வரை சிலிக்கா, மணலில் இருக்கும் அதே பொருள். சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் ஆலைகளுக்குப் பின்னால் குவிந்து, காற்றடித்தால் வாய்க்காலில் போய் விழுகிற அந்த உமியிலிருந்து, றப்பருக்கு வலுச் சேர்க்கும் நனோ சிலிக்காத் தூள் செய்கிறோம். நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படித்தபோது, இப்படி ஒரு வேலை ஊருக்குப் பக்கத்திலேயே கிடைக்கும் என்று நினைத்ததில்லை.

செய்முறை இதுதான். சாம்பலைக் கோஸ்டிக் சோடாவில் கொதிக்க வைத்தால் சிலிக்கா கரைந்து கண்ணாடி நீராகும். அதைச் சூடாக்கிக் கலக்கிக்கொண்டே சல்பூரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட்டால், சிலிக்கா மறுபடியும் திண்மமாகப் பிரிந்து வெண்குழம்பாக வரும். வடித்து, கழுவி, உலர்த்தி, அரைத்தால் தூள். எங்கள் தூளின் அடிப்படை மணி ஒன்றின் விட்டம் ஏறத்தாழ 17 நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நனோமீற்றர். இந்த மணிகளை விரித்துப் போட முடியுமென்றால் ஒரு கிறாம் தூளின் மேற்பரப்பு 160 சதுர மீற்றர் வரும். நம் ஊர்க் கணக்கில் ஆறு பேர்ச் காணி. மணியின் விட்டம் இரு மடங்கானால் அந்த ஆறு பேர்ச் மூன்றாகச் சுருங்கிவிடும். றப்பர்க்காரர் நம்மிடம் காசு கொடுத்து வாங்குவது இந்தப் பரப்பைத்தான். நிறைக்குத்தான் பணம் என்றால் அவர் ஆற்று மணலையே வாங்கியிருப்பார்.

இந்த மணிகள் தனித்தனியாக நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குழம்பிலேயே ஒன்றோடொன்று பிணைந்து, கிளை விட்ட பவளம் போல் நூறு இருநூறு நனோமீற்றர் அளவில் கொத்தாகும். அந்தக் கொத்தின் வடிவம் றப்பருக்குத் தேவை. கிளைகளுக்கிடையில்தான் றப்பர் புகுந்து பிடித்துக்கொள்கிறது. கிளைகள் மூடி உருண்டைக் கட்டியாகிவிட்டால் அதே பரப்பு உள்ளே அடைபட்டுக் கிடக்கும், பயன்படாது. ஆகவே மணி எவ்வளவு சிறியது, கொத்து எவ்வளவு பெரியது, கொத்து என்ன வடிவம் என்று மூன்று கேள்விகள். ஒன்றுக்குக் கிடைக்கும் பதில் மற்றதற்குப் பதிலாகாது. உங்கள் அறிவித்தலில் இருக்கும் பிழை இங்கேதான் தொடங்குகிறது.

போன ஐப்பசிக் கடைசியில் ஓர் இரவு நடந்ததை உங்களில் எத்தனை பேருக்கு அறிவித்தார்கள் என்று தெரியவில்லை. இடியோடு மழை. நாங்கள் இரவு சிப்டில் இருந்தோம். அமிலம் விடத் தொடங்கி நாற்பது நிமிடமானபோது கரண்ட் போய்விட்டது. கலக்கி நின்றது. ஆனால் அமிலத் தொட்டி மேலே இருப்பதால், கரண்ட் இல்லாவிட்டாலும் அமிலம் தன் பாட்டில் விழுந்துகொண்டே இருந்தது, கலங்காமல், ஒரே இடத்தில். கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன், நாங்கள் காக்கா என்று அழைப்பவர், இருட்டில் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் வால்வைக் கையால் மூடினார். ஜெனரேற்றர் பிடிக்க நான்கு நிமிடம் சென்றது. அப்புறம் கலக்கி சுழன்றது, குழம்பு பால் போல் வெள்ளையாகத் தெரிந்தது. வெப்பம் 80 பாகை செல்சியஸ், முடிவில் பிஎச், அதாவது அமிலமா காரமா என்று காட்டும் எண், 9. பதிவுப் புத்தகத்தைப் பார்த்தால் எல்லாம் வழக்கம் போல.

நான் ஒரு குவளை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனேன். முதலில் பரப்பு. 1956 இல் சியர்ஸ் என்பவர் வெளியிட்ட முறை அது. ஒன்றரைக் கிறாம் சிலிக்காவை உப்பு நீரில் கலந்து, பிஎச் 4 இலிருந்து 9 வரை கொண்டுவர எவ்வளவு சோடா செலவாகிறது என்று அளவியில், அதாவது அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில், பார்ப்பது. ஓர் அளவி, ஒரு பிஎச் மானி, அரை மணித்தியாலம், அவ்வளவுதான் தேவை. வழக்கமான அளவுதான் வந்தது. அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் அந்தத் தொகுதி, அதாவது தொட்டியில் ஒரே தடவையில் செய்த அவ்வளவும், உலர்த்திக்குப் போயிருக்கும். ஆனால் நாங்கள் லேசர் பெட்டி என்று சொல்லும் கருவியிலும் ஒரு துளியை நீர்த்துப் போட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். நீரில் மிதக்கும் துகள் எப்போதும் நடுங்கிக்கொண்டே இருக்கும். பாடசாலையில் பிரவுணியன் இயக்கம் என்று படித்திருப்போம். சிறிய துகள் வேகமாக நடுங்கும், பெரிய துகள் மெதுவாக. லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறும் ஒளி எவ்வளவு வேகமாக மினுங்குகிறது என்பதைக் கொண்டு கருவி பருமனைக் கணிக்கிறது. திரையில் தெரியும் வரைபடத்தில் வழக்கமாக ஒரு மேடுதான் வரும். அன்று அதற்கு வலப்பக்கத்தில், ஆயிரம் நனோமீற்றரைத் தாண்டி, இன்னொரு மேடு எழுந்திருந்தது.

என்ன நடந்தது என்பது உடனே விளங்கியது. மணிகள் பருக்கவில்லை, அதனால் பரப்பு குறையவில்லை. கலங்காமல் அமிலம் விழுந்த இடத்தில் குழம்பு களியாக இறுகி, பின்பு கலக்கி அதை உடைத்துத் தொட்டி முழுக்கப் பரப்பிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத கட்டிகள்.

அந்தத் தொகுதியை நிறுத்தினோம். ஈரமாக இருந்தபடியால் மறுபடி கோஸ்டிக் சோடா சேர்த்துச் சூடாக்கிக் கரைத்து, மறுநாள் புதிதாகப் பிரித்தெடுத்தோம். ஒரு நாள் வேலையும் கொஞ்சம் சோடாவும் எரிபொருளும் போயின. தூள் தப்பியது.

உலர்த்திய பிறகு என்றால் இது முடியாது. நீர் வெளியேறும்போது அதன் பரப்பிழுவிசை மணிகளை நெருக்கி இழுக்கிறது. தொட்டுக்கொள்ளும் இடங்களில் மேற்பரப்பிலுள்ள ஐதரொட்சிற் கூட்டங்கள் (ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த அணுக்கூட்டங்கள்) நீரை விட்டுவிட்டு ஒன்றோடொன்று நிரந்தரமாகப் பிணைகின்றன. அரைக்கும் மெசின் பெரிய கட்டியைச் சிறிய கட்டியாக்கும், கிளை விட்ட கொத்தாக மாற்றாது. செங்கலடியில் என் அம்மா பிட்டுக்கு மா குழைக்கும்போது, சுடுநீர் கொஞ்சம் கூடிவிட்டால் விரலுக்கே தெரியும். அந்த இடத்திலேயே இன்னும் ஒரு பிடி மா தூவி, சுண்டால் கொத்திச் சரிசெய்துவிடுவார். குழலில் அடைத்து அவித்த பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. கொழும்புக்கு நீங்கள் அனுப்பப்போவது அவிந்த பிட்டை.

இதற்கு மறுபக்க அனுபவமும் நமக்கு இருக்கிறது. லேசர் பெட்டி பழுதாகித் திருத்தப் போயிருந்த ஆறு வாரங்களில், பரப்பை மட்டும் பார்த்துத் தூளை அனுப்பினோம். அந்தக் காலத்துக்கும் வெளி ஆய்வுகூடத்தின் சான்றிதழ் ஒன்று இருந்தது. நைதரசன் வாயுவை -196 பாகை செல்சியஸில் தூளின் மேல் படியவைத்து அளக்கும் முறை. 1938 இல் புருனவர், எம்மெற், ரெல்லர் ஆகிய மூவர் வகுத்தது, உலகமெங்கும் நம்புகிற நல்ல முறை. 160 என்று போட்டிருந்தார்கள். எண் சரியானதே. ஆனால் தூள் போன இடத்தில் றப்பர் தகட்டில் வெள்ளைப் புள்ளிகள் விழுந்தன. நாற்பது பைகள் திரும்பி வந்தன. இப்போதும் களஞ்சியத்துக்குப் பின்னால் தறப்பாளுக்குக் கீழே கிடக்கின்றன. மாரிக்கு நனைந்து, கோடைக்குக் காய்ந்து. பரப்பைக் கேட்டோம், பரப்பைச் சொன்னார்கள். கட்டி இருக்கிறதா என்று நாம் கேட்கவேயில்லை. அந்த லொறிக் கூலி, திரும்பக் கொடுத்த பணம், அந்த வாடிக்கையாளர் அடுத்த இரண்டு மாதம் எடுக்காமல் விட்டது எல்லாம் உங்கள் கணக்குப் பிரிவில் பதிவாகியிருக்கின்றன. அளவீட்டு அறையின் ஒரு வருடச் செலவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்தில் ஒருவர், அந்த அறை செலவு மட்டும்தான் வைக்கிறது, வருமானம் தருவதில்லை என்றாராம். நாற்பது பை திரும்பி வராமல் இருப்பது எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது?

மாதத்துக்கு ஒரு மாதிரி என்பதைப் பற்றியும் பேச வேண்டும். அந்த மாதிரியை யார், எந்தத் தொகுதியிலிருந்து, எப்படி எடுப்பார்கள் என்று அறிவித்தலில் இல்லை. இதுவரை வெளியே போன மாதிரிகள், நேரம் கிடைத்தவர் ஒரு பையின் வாயைத் திறந்து மேலாக அள்ளிய கரண்டித் தூள். களவெட்டியில் நெல் வாங்க வருகிறவர்கூட மூட்டையின் மூன்று நான்கு இடங்களில் குத்தூசி போட்டு, உள்ளங்கையில் ஊதிப் பார்த்துத்தான் விலை பேசுவார். தூளை அளக்கிறவர்களின் பழைய விதி ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது எடு, ஓடையின் முழு அகலத்திலிருந்தும் எடு, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை எடு. ஒரு கிறாமிலேயே ஆயிரம் கோடி கோடிக்கு மேற்பட்ட மணிகள் இருக்கின்றன. கருவிக்குள் போவது அதிலும் ஒரு துளி. அந்தத் துளி எங்கிருந்து வந்தது என்பது பிழையானால், கருவி எவ்வளவு விலையானாலும் பயனில்லை.

அப்புறம் காலம். இரவு பஸ்ஸில் போகும் போத்தலுக்கு முடிவு வர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும் என்பது நம் அனுபவம். அதற்குள் பன்னிரண்டு தொகுதிகளாவது வெளியே போய்விடும். பிழை என்று தெரிய வந்தால் யாரிடம் போய் எதைத் திருப்பிக் கேட்பது? மருந்துத் துறையில் இந்தக் கேள்வி எழுந்து, முடிந்த பொருளைச் சோதிப்பதோடு நில்லாமல் உற்பத்தி நடக்கும்போதே அளந்து கட்டுப்படுத்துங்கள் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2004 இல் வழிகாட்டியே வெளியிட்டது. நாம் செய்வது மருந்து இல்லைத்தான். ஆனால் ஒரு தொட்டியின் குணம் நான்கு நிமிடத்தில் மாறிவிடும் என்பது நமக்கும் பொருந்தும்.

எங்கள் அறையில் செய்வதெல்லாம் குறையற்றது என்று நான் சொல்லவில்லை. லேசர் பெட்டிக்கும் ஒரு பலவீனம் உண்டு. இவ்வளவு சிறிய துகள்களில், சிதறும் ஒளி விட்டத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. விட்டம் பத்து மடங்கானால் ஒளி ஏறத்தாழப் பத்து இலட்சம் மடங்கு. அதனால் ஒரு சில பெரிய துகள்கள் எண்ணற்ற சிறியவற்றை மறைத்துவிடும். மாதிரியில் ஒரு தூசி விழுந்தாலும் படம் மாறும். அதோடு, அந்தக் கருவி எல்லாவற்றையும் உருண்டை என்றே எடுத்துக்கொள்ளும், கிளை இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதற்காகத்தான் உலர்ந்த தூளைக் கண்ணாடித் தட்டில் போட்டு, ஆளி விதை எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கத்தியால் தேய்த்து, களியாகத் திரளும் வரை எத்தனை சொட்டு குடிக்கிறது என்று பார்க்கிறோம். கிளை விரிந்த தூள் நிறையக் குடிக்கும், அடைபட்ட தூள் சீக்கிரம் நிறைந்துவிடும். கை பழக வேண்டிய வேலை இது. என்னோடு இருக்கும் அக்கா தேய்க்கும்போதே எத்தனை சொட்டு வரும் என்று சொல்லிவிடுவார். அவரையும் பை தைக்க அனுப்பப் போகிறீர்கள்.

வடிவத்தை நேரே கண்ணால் பார்க்க இலத்திரன் நுணுக்குக்காட்டி வேண்டும். அதை நாம் வாங்க முடியாது, வாங்கச் சொல்லவுமில்லை. 2008 இல் உருவாகி இன்று ஹோமாகமவில் இயங்கும் இலங்கை நனோதொழில்நுட்ப நிறுவகம் போன்ற இடங்களில் கட்டணம் கட்டிப் படம் எடுக்கலாம். அப்படி எடுத்த எங்கள் தூளின் படம் ஒன்று அறைச் சுவரில் இருக்கிறது. சாம்பல் நிறத்தில், கல்லடிக் கடலோரத்தில் ஒதுங்கும் பவளத் துண்டு போல. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதலில் அதைத்தான் காட்டுவோம், இதைத்தான் செய்கிறோம் என்று.

இன்னொன்றையும் விட்டுவிட முடியாது. உமியை ஏறத்தாழ 700, 800 பாகைக்கு மேல் எரித்தால் அதிலுள்ள சிலிக்காவின் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டு, அது பளிங்குருவாகி, கிறிஸ்டோபலைற்று என்ற வகையாக மாறத் தொடங்கும். அந்த வகைத் தூசை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1997 இலேயே வகைப்படுத்திவிட்டது. நாம் செய்யும் பளிங்குருவற்ற தூள் அந்த வகையில் சேராது. ஆனால் அது அப்படியே இருக்கிறதா என்று சூளைச் சாம்பலைப் பார்த்தால்தானே தெரியும். பொதியிடும் பகுதியிலும் தொகுதிக்குத் தொகுதி தூசு வேறுபடுகிறது. அதிகம் அரைபட்ட நாளில் பிள்ளைகள் இருமுகிறார்கள். 4 மைக்ரோமீற்றருக்குக் குறைந்த தூசுதான் நுரையீரலின் அடிவரை போகிறது. அன்றைய அரைப்பு எப்படி என்று அன்றே அளந்தால் மெசினை அன்றே குறைக்கலாம். மாதக் கடைசியில் வரும் தாள் யாருடைய இருமலையும் தடுக்காது.

நீங்கள் கொழும்பில் இருக்கிறீர்கள். செலவுப் பட்டியலில் மூன்று சம்பளமும் ஒரு பழைய கருவியின் திருத்தச் செலவும் தெரிகின்றன, அதுவும் எனக்கு விளங்குகிறது. கையில் பணம் குறைந்திருக்கும் காலம் இது என்றும் தெரியும். ஆனால் வெட்ட வேண்டிய இடம் இது இல்லை.

ஆகவே சபையிடம் நான் கேட்பது இவை. திங்கட்கிழமை ஒட்டிய அறிவித்தலை முதலாம் திகதிக்கு முன் மீளப்பெறுங்கள். ஒவ்வொரு தொகுதியும் உலர்த்திக்குப் போகுமுன் ஈரக் குழம்பில் லேசர் அளவீடும், சோடா விட்டுப் பரப்பைப் பார்க்கும் சோதனையும், அரைத்த பின் எண்ணெய்ச் சோதனையும் நடக்க வேண்டும் என்பதை எழுத்தில் விதியாக்குங்கள். எண் பிழைத்தால் தொகுதியை நிறுத்தும் அதிகாரம் அந்த சிப்டில் அளப்பவருக்கு இருக்க வேண்டும். மேலதிகாரியின் போனுக்குக் காத்திருக்க வைக்காதீர்கள். இரவு சிப்டிலும் அளவீட்டு அறையில் ஒருவர் இருக்க வேண்டும். கரண்ட் போனால் தானாக மூடும் வால்வு ஒன்றை அமிலத் தொட்டிக்குப் பூட்டுங்கள். வாடிக்கையாளருக்குப் போகும் தாளில் அந்தத் தொகுதியின் சொந்த எண்களே இருக்கட்டும், எந்த முறையில் அளந்தது என்பதும் சராசரியோடு, எந்தப் பருமனில் எவ்வளவு துகள் என்ற முழுப் பரம்பலும் சேர்த்து. வெளி ஆய்வுகூடத்தின் சான்றிதழ் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் அளவீட்டைச் சரிபார்க்க அது தொடரட்டும், ஆனால் மாதிரியை உலர்த்தியின் வாயில் தூள் விழும்போதே பல தடவை எடுத்து அனுப்புவோம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நுணுக்குக்காட்டிப் படமும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சூளைச் சாம்பலில் பளிங்குரு இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்-கதிர்ச் சோதனையும் வேண்டும். பொதியிடும் பகுதியின் தூசை அளந்து, அந்த எண்ணை அங்கேயே பலகையில் எழுதிப் போடுங்கள்.

கருவியைத் திருத்துவதற்கு இந்த வருடம் உண்மையிலேயே பணம் இல்லையென்றால், அதையும் நேராகச் சொல்லுங்கள். அளவி, பிஎச் மானி, கண்ணாடித் தட்டு, எண்ணெய் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அவற்றையும் அந்த இரண்டு ஆட்களையும் மட்டும் விட்டுவையுங்கள். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. லேசர் அளவீட்டுக்கு அவர்களோடு ஓர் ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டுப் பார்க்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொள்கிறேன்.

இம்மாதம் முடியுமுன் சபையிலிருந்து ஒருவராவது இங்கு வந்து, ஓர் இரவு சிப்டில் எங்களோடு நில்லுங்கள். அந்த ஐப்பசி இரவின் வரைபடத்தையும், திரும்பி வந்த நாற்பது பைகளில் ஒன்றையும் மேசையில் எடுத்து வைத்திருக்கிறேன். இந்த மடலுக்கான பதிலை எழுத்தில், அறிவித்தல் ஒட்டிய அதே பலகையில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
அளவீட்டு அறையில் வேலை செய்யும் ஒருத்தி,
அம்பாறை மாவட்டம்